கறுப்பா போச்சா?

"கறுப்பா போச்சா?"

"போச்சி."

"நல்லா கறுப்பா?"

"தாரு மாதிரி போச்சி. காலங்காத்தால கேக்கற கேள்வியப் பாரு!" கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டோ ஓட்டும் வேடியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண்டாட்டி வெளிக்குப் போன நிறத்தைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படும் மனிதர் வேங்கிக்காலில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

காரணம் டாக்டர்தான். ரத்தம் கம்மி என்று கன்னியம்மாளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதியவர், "மலம் கறுப்பா போகும், பயந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கறுப்பாகப் போனால் மாத்திரை வேலை செய்கிறது என்று வேடியப்பன் முடிவு கட்டிக்கொண்டார்.

தினமும் காலையில் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி அவரே அவள் உள்ளங்கையில் வைப்பார். "வெறும் வயித்துல குமட்டுது. இட்லி துன்னுட்டுப் போட்டுக்கறேன்" என்று அவள் முந்தானையில் முடிந்துகொள்வாள்.

முட்டிவலி மாத்திரைக்கு மட்டும் இந்தச் சிணுங்கல் கிடையாது. கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போட்டு, நின்று நின்று வீங்கிப்போன கால். மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, டீயோடு முழுங்கிவிடுவாள்.

அவள் கவலையெல்லாம் மகள் வினோதினியைப் பற்றித்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு சோகை புடிச்சாப்ல வெளுத்துக் கெடக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பெற்றவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் ஓயாமல் பீட்ரூட் பொரியல்.

பலன் இருந்தது. அடுத்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு முகத்துல ரத்தம் ஊறுதுங்க" என்று பூ வைத்துவிட்டுப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கன்னியம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

வேடியப்பன் மறுபடி டாக்டரிடம் ஓடினார். "ஒரே மயக்கமா வருதுன்றா சார். கறுப்பாதான் போவுது."

"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"என் கையாலதான் குடுக்கறேன் சார்."

"அப்ப அந்தக் கறுப்புக்குப் பயப்படாதீங்க. ரத்தம் ஏற நாளாகும்."

நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் புறப்பட்ட காலையில், கன்னியம்மாள் வாசலிலேயே ரத்தமாக வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தும், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"வலி மாத்திரையால வயித்துல புண்ணாகி, ரொம்ப நாளா உள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு" என்றார் அங்கிருந்த டாக்டர். "அப்பவும் மலம் கறுப்பாத்தான் போகும். இரும்பு மாத்திரையால அப்படின்னு நீங்க நெனச்சுட்டீங்க."

வேடியப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கதறினார். "ஒரு நாள் தவறாம குடுத்தேனே! அவ முழுங்கின மாத்திரையே என் கண்ண மறச்சிடுச்சே!"

நர்ஸ் கொடுத்த அம்மாவின் புடவையை மார்போடு அணைத்திருந்த வினோதினிக்கு, முந்தானை முடிச்சு கையில் நெருடியது. அவிழ்த்தாள். காலையில் அப்பா கொடுத்த மாத்திரை அப்படியே இருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"கலரு வர்ற மாத்திரைன்னு, அம்மா தெனமும் இத எனக்குத்தானேப்பா குடுத்துச்சி!"