வளையல் கழற்றாத பாட்டு

இசைத்தட்டில் ஊசி இறங்கும் கரகரப்பு கேட்டதும் அம்சவேணி அடுப்பைத் தணித்தாள்.

கூடத்தில் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சினிமாவுக்கு முந்நூறு பாட்டு எழுதி மெட்டும் போட்ட சிகாமணி. தன் பெயரில் அவர் போட்ட முதல் ஆல்பம் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கேசட்டாக வந்தது. இப்போது இசைத்தட்டாக மறுபடியும் வந்திருக்கிறது.

அட்டையில் அதே பழைய படம். கிட்டாரோடு அவர். பக்கத்தில் பாடகி நீரஜா.

எட்டுப் பாட்டில் ஏழு அவரே பாடியது. நீரஜாவுக்கு ஒன்றே ஒன்று. ஊர் வாயில் நின்றது அந்த ஒன்றுதான்.

அவர் மனைவி அம்சவேணி அதை வீட்டில் ஓட விட்டதில்லை. ரேடியோவில் வந்தால் மிக்ஸியைப் போடுவாள். நீரஜா போன் செய்தால் இவள்தான் எடுப்பாள். அவர் குளிக்கிறார் என்பாள். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பார்?

இதற்குப் பெயர் பொறாமை என்று அவளுக்குத் தெரியும். ஒரு குறையும் வைக்காமல் வளர்த்து வந்தாள்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. அதுதான். மிக்ஸியின் மேல் கையை வைத்தாள்.

கை அப்படியே நின்றது.

அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும் குரல். இரண்டாவது சரணத்தில் ஒரு சின்னக் கிணுங்கல்.

கண்ணாடி வளையல்.

ஒலிப்பதிவுக்கு வரும் பெண்கள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்பார்கள். அன்று ஒருத்தியால் முடியவில்லை. அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து நாலு நாள். பிள்ளை பிறக்கும்வரை அந்த வளையல்களைக் கழற்றக் கூடாது. சத்தம் வராமலிருக்க சிகாமணிதான் அவள் இரண்டு கையிலும் கைக்குட்டை கட்டிவிட்டார்.

நீரஜா கேட்டுப் பழகிக்கொள்வதற்காக யாராவது முதலில் பாடி வைக்க வேண்டும். ட்ராக் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோரஸ் பாடிக்கொண்டிருந்த அம்சவேணி பாடினாள்.

ட்ராக் பாடுகிற மாதிரி பாடவில்லை. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாயிலிருந்து வந்துவிடாதா என்று பாடினாள்.

கைக்குட்டை நழுவியது.

"விடு, ட்ராக்தானே" என்றார். டேப் பெட்டியின் மேல் அப்போதே எழுதினார். பாடியவர்: நீரஜா. நீரஜா அதுவரை ஸ்டுடியோ வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை.

பிறகு நீரஜா பாடி, கேசட்டில் வந்த டேப் வேறு. அது எங்கே போனதோ. இசைத்தட்டுக்காகக் கம்பெனிக்காரர்கள் தேடி எடுத்தது இந்தப் பெட்டியை. அவர் கையெழுத்தை நம்பிவிட்டார்கள்.

பாட்டு முடிந்தது. ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சை வைத்தே பாடுவது யாரென்று சொல்லிவிடுவேன் என்று பேட்டிக்குப் பேட்டி பீற்றிக்கொள்கிற மனுஷன்.

"எப்படிப் பாடியிருக்கா பாரு அம்சா. கேசட்ல இது எதுவுமே தெரியல. இப்பதான் நீரஜா குரல் எனக்கே புரியுது."

"அந்த வளையல் சத்தம்?"

"அது என் ஐடியாதான்."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை நாளும் அந்த எரிச்சலுக்கு நீரஜா என்று ஒரு விலாசம் இருந்தது. இன்று யார் மேல் என்றே தெரியவில்லை. தன் குரல் மேலேயே ஒருத்தி பொறாமைப்பட முடியுமா? முடிந்தது. அந்த ஏழு மாதக்காரியைக் கேட்டு அவர் அழுகிறார். அழுதது நீரஜாவுக்காக.

சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் சிரிப்பார். உனக்கு இன்னுமா அவள் மேல் ஆத்திரம் தீரவில்லை என்பார். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் தட்டைத் திருப்பிப் போட்டார்.

சாப்பாட்டு மேஜையில் அவருடைய போன் அடித்தது. நீரஜா.

அம்சவேணி எடுத்தாள். குளிக்கிறார் என்பது தயாராக இருந்தது.

"அக்கா, வச்சுடாதீங்க. தட்டு எனக்கும் வந்துச்சு. கேட்டேன். அது நான் இல்லக்கா. நீங்க."

அம்சவேணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த டேப்பைக் கேட்டுத்தானே நான் அந்தப் பாட்டையே படிச்சேன். எனக்குத் தெரியாதா? உங்கள மாதிரி வரலயேன்னு அப்பவே ஒரே வயித்தெரிச்சல்க்கா எனக்கு."

முப்பத்தெட்டு வருடம் யாருடைய குரலை இந்த வீட்டுக்குள் அண்டவிடவில்லையோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மனசு குளிர்ந்துதான் போனது. இதையும் இவள் சொல்லித்தான் கேட்க வேண்டுமா என்று எரியவும் செய்தது.

"யாரு அம்சா?" கூடத்திலிருந்து அவர்.

அம்சவேணி போனில், "இதை அவர்கிட்டயே சொல்லு" என்றாள்.

கூடத்துக்குப் போனாள். ஓடிக்கொண்டிருந்த அவர் பாட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கினாள். போனை அவர் கையில் கொடுத்தாள். நீரஜா பேசும்போது அவள் அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவருக்கே ஆச்சரியம். காதில் வைத்துக்கொண்டு, "சொல்லும்மா நீரஜா" என்று சிரித்தார்.

அவர் முகம் நன்றாகத் தெரிகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அடுக்களையில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

பிடிக்கட்டும்.