கண்ணாடி வீட்டுத் தொலைநோக்கி

"அஞ்சலின் மிஸ், அந்தத் தொலைநோக்கியில கண்ண வச்ச மாதிரி நில்லுங்க" என்றார் பத்திரிகைக்குப் படமெடுக்க வந்தவர்.

வைத்தேன். எதிரே நமுனுகுல மலையின் உச்சி தெரியும் என்று நினைத்தேன்.

ஒரு பெண்ணின் ஈரத் தோள் தெரிந்தது.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே தோள். நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிய பாவாடை. தலையில் கொட்டுகிற தண்ணீர். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அத்தனை கிட்டத்தில் இருந்தாள்.

அது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துப் பீலி. மலை ஊற்றை ஒரு குழாயில் இறக்கி விட்டிருக்கிறார்கள். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் சாயந்தரத்தில் அங்கேதான் குளிப்பார்கள். அவர்களுக்கு வேறு குளியலறை கிடையாது.

படக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

இந்த வீட்டை வரைந்தவள் நான். கருங்கல் அடித்தளம், பழைய ரயில் சிலிப்பர் கட்டையில் தூண்கள், தகரக் கூரை. "பாக்கிறதுக்குப் பழைய லயம் மாதிரி இருக்கவேணும், ஆனா இங்கயிருந்து லயம் தெரியக்கூடாது" என்று வீட்டு முதலாளி நிமலன் கொழும்பிலிருந்து வந்த முதல் நாளே சொன்னார். லயத்துத் தகரத்துக்குக் கீழே மழைக்காலம் முழுக்கச் சட்டி பானையை வைத்து ஒழுகல் பிடிக்கிறவர்கள் காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்குப் பக்கம் முழுச் சுவரும் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் வானமும் மேகமும்தான் தெரியும், உள்ளே இருக்கிறவர்கள் தெரியமாட்டார்கள். வாடகை கொடுத்துத் தங்க வரும் விருந்தாளிகளுக்கு மறைப்பு வேண்டும் என்று அப்படிக் கேட்டார், அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

கீழே இருக்கிறவர்களுக்கு மறைப்பாகச் சவுக்கு மரங்கள் நின்றன. வீட்டுக்கும் பீலிக்கும் நடுவில், அடர்த்தியாக. அதில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்று வந்த போதெல்லாம் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். என் அம்மா கலியாணமாகிப் பதுளை டவுனுக்கு வரும்வரை இப்படியொரு பீலியில் குளித்தவர். ஒரு மரம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இப்போது அங்கே அடிக்கட்டைகள்தான் இருந்தன.

நிமலன் உள்ளேயிருந்து தேநீர்க் கோப்பையோடு வந்தார். மரம் எங்கே என்று கேட்டேன். காட்சியை மறைக்கிறது என்று விருந்தாளிகள் குறைப்பட்டார்களாம். தொலைநோக்கி ஏன் கீழே பார்க்கிறது என்று கேட்டேன். துடைக்கிறவள் கைபட்டுத் திரும்பியிருக்கும் என்றார்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

"வெளியில இருந்து பாத்தா வானம்தானே தெரியுது. அவங்களுக்குத் தெரியாட்டி அவங்களுக்கு என்ன நட்டம், அஞ்சலின்?"

வாய் கூசாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தேநீரையும் குடித்தார்.

இன்னொரு தரம் கண்ணை வைத்தேன். குளிக்கிறவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நின்றாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். காற்றுக்கு மறைப்பாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. படங்கை அவள் இந்தக் கண்ணாடி வீட்டைப் பார்த்துப் பிடித்திருந்தாள்.

கை வலித்திருக்க வேண்டும். படங்கு தாழ்ந்தது. மறுபடியும் தூக்கிப் பிடித்தாள்.

அவர்களுக்குத் தெரியும் என்று நிமலனிடம் சொன்னேன். பாதிக் கண்ணாடியைப் பலகையால் அடைத்து, பீலியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கொடுக்கும்வரை என் பெயரும் படமும் எந்தப் பத்திரிகையிலும் வராது என்றும் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். படக்காரர் கமராவைப் பைக்குள் வைத்தார்.

நிமலன் என்னை ஏசவில்லை. ஜீவராணியைக் கூப்பிட்டார்.

கீழ் லயத்திலிருந்து வந்து வீடு கூட்டித் துடைக்கிறவள். கையில் துணியோடு வந்து நின்றாள். உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று எங்கள் முன்னால் வைத்தே ஏசினார். நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்றார். பாருங்கள், பிரச்சினை தீர்ந்தது என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் மறுத்துப் பேசாமல் நின்றதைப் பார்த்து எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஒருவேளை இவள் கைபட்டுத்தான் திரும்பியதோ?

ஜீவராணி தொலைநோக்கியை அழுத்தித் துடைத்தாள். அது அசையவில்லை. திருகு இறுக்கமாக இருந்தது.

"நேத்து வந்தவங்க பாத்துட்டுப் போன மாதிரியேதாங்க மிஸ் இருக்கு" என்றாள், துணியை மடித்துக்கொண்டே. "அவங்க எந்திரிச்சுப் போனதும் மலைப் பக்கம் திருப்பி வெக்கணும். ஐயா எனக்குச் சொன்ன வேல அது. தெனமும் திருப்பி வெப்பேன். இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு திருப்பல."