விரலுக்குத் தெரியாதது

திறந்த மார்புக்குள் பெருந்தமனி விளக்கொளியில் ஈரமாகத் துடிக்கிறது. "முப்பது வருஷமா இந்த விரல்தான்மா எனக்கு ஸ்கேன்," என்று சற்றுமுன் சிரித்த பெரிய டாக்டரின் கை, இடுக்கியோடு அப்படியே நிற்கிறது. அவர் தடவிப் பார்த்து "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்ற அதே இடத்தில்தான் உதவி டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்திருக்கிறாள். தமனியின் உள்சுவரில் கொழுப்புத் திட்டு ஒன்று ஆடுவது திரையில் தெரிகிறது. தமனியை இடுக்கி கவ்வியிருந்தால் அந்தத் திட்டு உடைந்து மூளைக்கு ஏறியிருக்கும். "இடுக்கியைக் கொஞ்சம் தள்ளி வேற இடத்துல போடலாமா, சார்?" என்கிறாள், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. போன மாதம் இதே ஆபரேஷன் முடிந்து வலக்கை விளங்காமல் கண்விழித்த தையல்காரரின் மனைவியிடம், "எல்லாம் விதிம்மா" என்று சொன்னது பெரிய டாக்டரின் வாய்தான். கையுறைக்குள் அந்த விரலை மடக்கிக்கொள்கிறார். "இடத்தை நீயே காட்டும்மா."