கம்பெனி பஸ் வரும் நேரம்

எளாவூர் நெடுஞ்சாலையோரப் பொட்டலில் காலை வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. இரண்டு தார் டிரம்களுக்கு நடுவே, கால்களில் தடித்த பேடு கட்டி, ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வழிய கிறிஸ்டினா குனிந்து நிற்கிறாள். போன மாதம் மாவட்ட ஹாக்கி அணித் தேர்வில் யாரோ விசிலடிக்க, தலையைத் திருப்பினாள். அந்த நொடியில் பந்து கோலுக்குள் போய்விட்டது. நாளைக்கு இன்னொரு வாய்ப்பு. அதற்காகவே லாரிகள் ஓயாமல் அலறும் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறாள். எந்த லாரிக்கும் திரும்பாத தலை, கம்பெனி பஸ்ஸின் ஹாரனுக்கு மட்டும் தினமும் திரும்பிவிடுகிறது. வேலை பயம்.

"பஸ் வர்ற நேரம்டி, போதும்," என்கிறாள் கூட வேலை பார்க்கும் பூமிகா.

"பேசிக்கினே இருக்காத. அடி."

பூமிகா ஓடி வந்து விளாசுகிறாள். கிறிஸ்டினாவின் இடது கால் நீள்கிறது. பந்து பேடில் மோதித் தெறிக்கிறது. "இன்னொண்ணு." இப்போது கையுறையில். "இன்னொண்ணு." புழுதிக்குள் பந்தும், அதில் அப்பியிருக்கும் செம்மண்ணும் அத்தனை பெரிதாகத் தெரிகின்றன. டிரம்மை உரசிக்கொண்டு பாயும் பந்தை உடம்பு மொத்தமும் விழுந்து வெளியே தள்ளுகிறது. பூமிகா மட்டையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறாள்.

"இன்னாடி சிரிப்பு? பஸ் வர்றதுக்குள்ள அடி."

"அது வந்து நின்னு எத்தினி தபா ஹாரன் அட்ச்சிச்சி தெரியுமா?"

கிறிஸ்டினா திரும்புகிறாள். பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள். டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டு, இன்னொன்று என்று விரல் காட்டுகிறார்.