தண்ணீர் படாத மணல்

சாக்கடைக் குழிகளுக்கான சிமெண்ட் மூடிகளுக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவதுதான் பதினோரு வருடமாக வடிவின் வேலை. அவை குடித்துக் குடித்துத்தான் கெட்டிப்படும். போன மாதம் எதிரிலேயே முதலாளி பாலிமர் கான்கிரீட் ஷெட் போட்டார். அங்கே மணலில் ரெசின் என்ற பசையைக் கலந்து ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் மூடி கல்லாகிவிடுகிறது, தண்ணீரே வேண்டாம். லாரிகளெல்லாம் இப்போது அந்த வாசலில்தான் நிற்கின்றன. வடிவோடு குழாய் பிடித்த எஸ்தரும் அங்கே போய்விட்டாள். அவளுக்கு நீல உடுப்பும் கையுறையும் கொடுத்திருந்தார்கள். வடிவின் மூடிகள் கேட்பாரில்லாமல் பாசி பிடித்துக் கிடந்தன. அவள் இன்னமும் அவற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வடிவக்கா, நாக்கு வறளுது,” என்று எதிர் வாசலிலிருந்து கூப்பிட்டாள் எஸ்தர். “உள்ள ஒரு பாட்டில்கூட வைக்க விடமாட்டேங்காங்க. பைப்ப இழுத்துட்டு வாயேன்.”

“வச்சா என்னவாம்?”

“மணல் நனைஞ்சா ஒட்டாதாம். வேர்வை சொட்டுனதுக்கே நேத்து ஒருத்தன் ஏச்சு வாங்குனான். இன்னைலேருந்து மணலுக்கு நாந்தான் பொறுப்பு.” எஸ்தர் சிரித்தாள்.

வடிவு குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தபடி வாசல்வரை இழுத்துப் போனாள். எஸ்தர் கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நாளைய லாரிகளுக்கான மணல் வறுத்த ரவையைப்போல் உலர்ந்து குவிந்திருந்தது. வடிவின் விரலடியில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

“குனி புள்ள,” என்றாள் வடிவு, அவள் தலைக்கு மேலாக மணலைப் பார்த்தபடி. “இன்னும் கொஞ்சம் குனி.”