பட்டி கட்டிய பிள்ளை

கேளுங்கோ என் குஞ்சுகளே, இதைச் சொல்லும்போது இன்னும் நெஞ்சு எரிகிறது. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து எங்கள் தீவில் விட்ட குதிரைகள் காட்டில் பெருகிக் கிடந்தன. அரசாங்கம் அவற்றின் கழுத்தில், உடம்புச் சூட்டை அறிந்து செய்தி அனுப்பும் மெசின் பட்டி கட்டியது. ஒரு குதிரைக்கு உடம்பு சுட்டால் போதும், மிருக டொக்டர் ஹெலிகொப்டரில் பறந்து வருவார். சனத்தின் ஆஸ்பத்திரிக்கோ பூட்டு.

எங்கள் ஊர்ப் பெண் வயலற்றின் கைக்குழந்தை றொக்சன் காய்ச்சலில் கொதித்தான். கடல் கொந்தளித்ததால் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகப் படகும் இல்லை. கோடை முழுக்கக் கல்வேலியோரம் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கிறவள் அவள். அன்றும் ஒன்று வந்து வாளிக்குள் தலையை விட்டது. மெல்லப் பட்டியைக் கழற்றிப் பிள்ளையின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் முற்றத்தில் இறங்கினார்.

"குதிரை எங்கை அம்மா?"

"உள்ளை, பாயிலை படுத்திருக்கு."

எட்டிப் பார்த்தவருக்கு முகம் சிவந்தது. "இது மனிசப் பிள்ளை! பார்க்க எனக்கு அனுமதியில்லை."

"ஏன் ஐயா, இவனும் நாலு காலிலைதான் தவழுறான். உங்கடை மெசின் குதிரையெண்டு நம்பித்தானே உங்களை அனுப்பினது?"

அவர் பட்டியைக் கழற்றக் குனிந்தார். வயலற் அந்தக் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். எடுக்க விடவில்லை.