குழாயடியில் சொன்ன விவரம்

எண்பத்தொண்ணாம் வருசம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க, பசுமலையிலிருந்து பிலோமினாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனை பேர் என்று கேட்டால் ரெண்டு பேர் என்று சொல்லிவிட வேண்டும் என அன்று காலையில்தான் மனசைக் கல்லாக்கியிருந்தேன்.

மகன் காசிமாயன் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிற கூட்டத்தில் என் கையை விட்டுக் காணாமல் போய் ஆறு வருசம். அப்போது அவனுக்கு ஏழு வயசு. பேப்பரில் பிள்ளைகள் கிடைத்த சேதி வருகிறதா என்று தினமும் யாரிடமாவது படிக்கச் சொல்லி நீட்டி நீட்டி அலுத்துப்போய், மூட்டை தூக்குகிற நேரம் போக நானே எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன்.

"மொத்தம் மூணு பேரு, சரிதானே அண்ணே?" என்றார் டீச்சர்.

"யாரு சொன்னா?"

"ஒங்க பையன்தான். தெருக்குழாய்ல நின்னான். பேரு காசிமாயன், வயசு ஏழு, ரெண்டாங் கிளாசு. அம்புட்டும் அவனே சொல்லிட்டான், வாயாடிப் பய."

என் வீட்டுக்காரி ஒச்சாயி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

நான் டீச்சர் கையிலிருந்த கணக்குத் தாளை எட்டிப் பார்த்து அவன் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அட, படிக்கத் தெரியுமாண்ணே? எங்கப்பாவுக்கு எழுத்தே தெரியாதுன்னானே!" டீச்சர் என் பேருக்கு நேரே எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார்.

குழாயடிக்கு ஓடினேன். யாருமில்லை. மூடாத குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடைத்தேன். அடுப்புக்கரி எடுத்துவந்து பக்கத்துச் சுவரில் பெரிசாக எழுதினேன்:

'அப்பனுக்கு இப்ப படிக்கத் தெரியும். நீ எங்க இருக்கேன்னு எழுதி வை.'